கூன் ஷோ ஒலித்தொகுப்பு: எந்தப் பெட்டியில் தொடங்குவது, எதை ஒதுக்குவது

பழைய பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்பவருக்குக் கூன் ஷோவைத்தான் பரிந்துரைக்க வேண்டும். பிபிசி ஹோம் சர்வீஸில் 1951 மே 28 அன்று தொடங்கி 1960 ஜனவரி 28 வரை பத்துத் தொடர்களாக ஓடிய அரைமணி நேர நிகழ்ச்சி இது. ஸ்பைக் மில்லிகன் எழுதினார். அவரும் பீட்டர் செல்லர்ஸும் ஹாரி சீகோமும் நடித்தார்கள். முதல் இரண்டு தொடர்களில் மைக்கேல் பென்டைன் நான்காவது ஆளாக இருந்து, பிறகு விலகிக்கொண்டார். இன்று இதைக் காசு கொடுத்து வாங்குபவருக்குச் சிறந்த வடிவம் 'தி கூன் ஷோ கம்பெண்டியம்' என்ற பெயரில் பிபிசி வரிசையாக வெளியிட்ட சிடி பெட்டிகள். அதே தொகுதிகள் ஒலிப்புத்தகத் தளங்களில் தரவிறக்கமாகவும் கிடைக்கின்றன.

தாராளமாக வாங்கலாம். ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வெட்டப்பட்ட நகல்களைக் கேட்டுவிட்டு, 'இதில் என்ன இருக்கிறது, ஒரே கூச்சலாக இருக்கிறதே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நிகழ்ச்சியில் கதையைச் சுமப்பது சத்தமும் சத்தத்துக்கு நடுவே விடப்படும் அமைதியும்தான். நகல் கெட்டால் முதலில் போவது இவை இரண்டும். மில்லிகன் எழுதிய நகைச்சுவையில் பாதி அதோடு சேர்ந்து போய்விடும்.

பெட்டி வரிசை ஐந்தாம் தொடரிலிருந்துதான் தொடங்குகிறது. முதலிலிருந்து ஏன் இல்லை என்று கேட்பவர்கள் பலர். காரணம் எளிது: அந்தக் காலத்தில் ஒலிபரப்பு முடிந்ததும் பதிவுகளைச் சேமித்து வைக்கும் வழக்கம் பிபிசியில் இல்லை. முதல் தொடரில் முழுதாக ஒரு நிகழ்ச்சிகூட மிஞ்சவில்லை. அடுத்த சில தொடர்களிலும் எஞ்சியவை மிகக் குறைவு. ஐந்தாம் தொடரிலிருந்து நிலைமை மாறியதற்கு பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ்தான் காரணம். வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு விற்பதற்காக நிகழ்ச்சிகளை இசைத்தட்டுகளில் பதித்து அனுப்பும் பிரிவு அது. அந்தத் தட்டுகள் பிழைத்ததால்தான் நமக்கு இவ்வளவும் கிடைத்திருக்கிறது.

அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பதிப்பில் நேரத்துக்காகவும், உள்ளூர்ச் செய்தியைத் தொட்ட வசனங்கள் வெளியூர்க்காரருக்குப் புரியாது என்பதற்காகவும், கொஞ்சம் விரசம் என்று பட்டவற்றை நீக்கவும் கத்தரி போட்டார்கள். டெட் கெண்டால் என்ற ஒலிப்பொறியாளர் இந்தத் தட்டுகளைச் சுத்தம் செய்ததோடு நிற்காமல், வெட்டுப்பட்ட துண்டுகளை வேறு பதிவுகளிலிருந்து தேடியெடுத்து உரிய இடத்தில் ஒட்டியிருக்கிறார். பெட்டியின் முதல் பெருமை இதுதான். ஒட்டிய துண்டு சில இடங்களில் வானொலியிலிருந்து நேராகப் பிடித்த பதிவாக இருப்பதால், தெளிவாகப் போய்க்கொண்டிருக்கும் ஒலி திடீரென்று மங்கி, இரண்டு மூன்று வசனம் கழித்து மறுபடி தெளிவாகும். சிடி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த மங்கலான வசனங்கள் பல பத்தாண்டுகளாக யாருக்கும் கேட்கக் கிடைக்காதவையாக இருக்கக்கூடும். அவற்றைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நிகழ்ச்சியின் கட்டமைப்பு தெரிந்தால் முதல் கேட்பிலேயே பாதி குழப்பம் தீரும். வாலஸ் கிரீன்ஸ்லேட் என்ற அறிவிப்பாளர் செய்தி வாசிப்பவரின் கம்பீரத்தோடு தொடங்கி வைப்பார். பின்னால் எவ்வளவு அட்டகாசம் நடந்தாலும் அவர் குரல் மட்டும் அப்படியே நிற்கும். கதை மூன்று பகுதிகளாக வரும். முதல் இடைவெளியில் மாக்ஸ் கெல்ட்ரே ஹார்மோனிகா வாசிப்பார். இரண்டாவதில் ரே எலிங்டன் குவார்ட்டெட் ஒரு பாட்டு. வாலி ஸ்டாட்டின் இசைக்குழு காட்சிகளைக் கோத்துக்கொண்டு போகும். பிற்காலத்தில் ஆஞ்சலா மோர்லி என்ற பெயரில் திரையிசையில் புகழ்பெற்றவர் இவர்தான். பழைய எல்பி தட்டுகளில் இடைப்பாட்டுகளை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் தொடர்ச்சியாக ஒட்டியிருந்தார்கள். இந்தப் பெட்டியில் பாட்டுகள் உண்டு. அவற்றைத் தாண்டிக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கட்சி. பத்து நிமிடம் விடாமல் அடித்த பிறகு காதுக்கு இரண்டு நிமிட ஓய்வு தேவை. இசை இல்லாத நகலில் மூன்றாம் பகுதிக்குள் நுழையும்போது காது களைத்துப்போய் நகைச்சுவை ஏறாது.

அடுத்து பாத்திரங்கள். சீகோம் பெரும்பாலும் ஒரே ஆள்: நெட்டி சீகூன். உற்சாகமும் பேராசையும் அசட்டுத் துணிச்சலும் கொண்ட கதாநாயகன், யார் எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுபவன். செல்லர்ஸ் அரைடஜன் பேராக மாறுவார்: பட்டுப்போன்ற குரலில் ஏமாற்றும் கிரிட்பைப்-தின், கோழை ராணுவ அதிகாரி மேஜர் பிளட்நாக், பல்லில்லாத கிழவர் ஹென்றி கிரன், கீச்சுக்குரல் சிறுவன் புளூபாட்டில். மில்லிகன் பங்குக்கு எக்கிள்ஸ் என்ற பரம அப்பாவி, கிரிட்பைப்-தின்னின் கூட்டாளி மோரியார்ட்டி, கிரனோடு குடியிருக்கும் மின்னி பானிஸ்டர். ஒரே காட்சியில் செல்லர்ஸ் தன்னோடு தானே பேசும் இடங்கள் உண்டு. மூன்று பேர்தான் ஒலிவாங்கி முன் நிற்கிறார்கள் என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். திறமையின் அளவு அப்போதுதான் தெரியும்.

முதலில் எந்த நிகழ்ச்சி? ஐந்தாம் தொடரின் முதல் பெட்டியை வாங்கி, ஆனால் வரிசைப்படி போகாமல், 1954 அக்டோபர் 12 அன்று ஒலிபரப்பான 'தி டிரெடட் பேட்டர்-புட்டிங் ஹர்லர்' நிகழ்ச்சியைப் போடுங்கள். போர்க்காலம், பெக்ஸ்ஹில்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊர், விளக்கணைப்பு உத்தரவு. இருட்டில் யாரோ ஒருவன் ஊர் மக்கள்மேல் மாவுப் புட்டிங் எறிகிறான். துப்பறிய சீகூன் வருகிறான். ஆரம்பக் காட்சியிலேயே கிழவர் கிரன் தீக்குச்சி கிழிப்பார். இத்துனூண்டு வெளிச்சம் யாருக்குத் தெரியப்போகிறது என்று மின்னியைச் சமாதானப்படுத்துவார். கடலிலிருந்து குண்டு சீறிக்கொண்டு வந்து வெடிக்கும். இந்த ஒரு காட்சியில் கூன் ஷோவின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது: நிதானமாகப் பேசும் இரண்டு கிழங்கள், ஒரு சின்னச் சத்தம், ஒரு நொடி இடைவெளி, ஒரு பெரிய சத்தம். அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். அது கால் நொடியாக இருந்தால் வெறும் வெடிச்சத்தம். இரண்டு நொடியாக இருந்தால் கேட்பவர் முன்பே ஊகித்துவிடுவார்.

அதே பெட்டியில் நவம்பர் 9 நிகழ்ச்சி 'லர்கி ஸ்டிரைக்ஸ் பிரிட்டன்'. பிரிட்டன் முழுவதும் லர்கி என்றொரு நோய் பரவுவதாகப் பீதி கிளப்பப்படுகிறது. பித்தளை வாத்தியம் வாசிப்பவர்களுக்கு அது வருவதில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். அரசாங்கம் ஊரெல்லாம் வாத்தியங்களை அனுப்புகிறது. வாத்தியம் விற்பவர்கள் யார் என்பது கடைசியில் வெளிப்படும். எழுபது ஆண்டு பழைய நகைச்சுவை என்று நினைத்துக் கேட்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் கதை. மொழி நெருடுகிறவர்களுக்கும் இது ஏற்றது, ஏனென்றால் கதை ஒரே கோட்டில் போகிறது.

ஆறாம் தொடர்தான் உச்சம் என்பது என் உறுதியான எண்ணம். 1955 அக்டோபர் 11 அன்று வந்த 'நெப்போலியன்ஸ் பியானோ' ஒன்றுக்காகவே அந்தப் பெட்டியை வாங்கலாம். ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்த்தினால் ஐந்து பவுண்டு என்று கிரிட்பைப்-தின் சொல்கிறான். சீகூன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிகிறது, முதல் அறை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், இரண்டாவது அறை இங்கிலாந்தில். கடைசியில் அந்தப் பியானோவின் மேலேயே ஏறிக் கடலைக் கடக்கிறார்கள். திரைப்படத்தில் எடுத்தால் செலவு கையைக் கடிக்கும். மேடையில் நடக்காத காரியம். வானொலியில் அலைச் சத்தமும் நாலு சுரமும் போதும். 1956 பிப்ரவரி 7 அன்று வந்த 'டேல்ஸ் ஆஃப் ஓல்டு டார்ட்மூர்' இன்னும் ஒரு படி மேலே. சிறைச்சாலை முழுவதையும் கைதிகளோடு கடலில் மிதக்கவிட்டு பிரான்ஸுக்குப் புதையல் எடுக்கப் போகிறார்கள். பழைய இடத்தில் அட்டையால் செய்த சிறை ஒன்றை வைத்துவிட்டு! கேட்கும்போது ஒருகணம்கூட 'இது எப்படி' என்று தோன்றாது. சிறைச்சாலை நங்கூரம் எடுக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஏழாம் தொடரில் விடக்கூடாதது 1957 பிப்ரவரி 7 அன்று வந்த 'தி மிஸ்டீரியஸ் பஞ்ச்-அப்-தி-காங்கர்'. கதையைவிட நடுவில் வரும் ஒரு சின்ன உரையாடல்தான் அதில் முக்கியம். மணி என்ன என்று புளூபாட்டில் கேட்கிறான். எக்கிள்ஸ் ஒரு துண்டுக் காகிதத்தை எடுக்கிறான். காலையில் ஒரு நல்ல மனிதர் அதில் நேரத்தை எழுதிக் கொடுத்தாராம், எட்டு மணி. யாராவது கேட்கும்போது மணி எட்டாக இல்லாவிட்டால்? அப்போது காட்டமாட்டேன். மணி எட்டு என்று உனக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் எழுதியிருக்கிறதே. புளூபாட்டில் காகிதத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கிறான். இது ஓடவில்லையே என்கிறான். இதில் சத்தமே இல்லை. இரண்டு குரல்கள் மட்டும். எக்கிள்ஸின் பதிலில் ஒரு முழு உலகத்துக்கான தருக்கம் இருக்கிறது, அதில் எங்கேயும் ஓட்டை கிடையாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்வதில்லை, உண்மையாகவே பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். இரண்டு முட்டாள்கள் பேசிக்கொள்ளும் காட்சியை எழுத நினைப்பவர்கள் இதை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும்.

1955 ஜனவரி 4 அன்று ஒலிபரப்பான 'நைன்டீன் எய்ட்டி-ஃபைவ்' பற்றி வாங்குபவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு மூன்று வாரம் முன்பு, 1954 டிசம்பர் 12 அன்று, ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை பிபிசி தொலைக்காட்சி நாடகமாகப் போட்டுப் பெரும் சர்ச்சை கிளம்பியது. அதைக் கிண்டல் செய்து எழுதியது இது. கொடுங்கோல் அரசுக்குப் பதிலாக பிபிசியே 'பிக் பிரதர் கார்ப்பரேஷன்' ஆகிவிடுகிறது. தன்னையே இப்படி அடிக்க பிபிசி அனுமதித்தது என்பது வியப்பான விஷயம். இதற்கு வரவேற்பு அதிகம் இருந்ததால் 1955 பிப்ரவரி 8 அன்று மறுபடி நடித்தார்கள். ஆக இரண்டு நிகழ்த்தல்கள். இணைய நகல்களில் தேதி மாறிக் கிடக்கும். தனியாக வாங்குபவர்கள் எந்தத் தேதி என்று பார்த்து வாங்குங்கள்.

சத்தம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பது தெரிந்தால் கேட்கும் சுகம் கூடும். வெடி, ரயில், புயல், கூட்டம் போன்றவை இசைத்தட்டுகளில் இருந்தன. நிகழ்ச்சி பார்வையாளர் முன்னிலையில், பெரும்பாலும் லண்டன் கேம்டன் தியேட்டரில், நடந்தது. உதவியாளர் தட்டில் சரியான பள்ளத்தில் ஊசியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, வசனம் முடியும் கணத்தில் விட வேண்டும். காலடி, கதவு, பூட்டு, கண்ணாடி உடைவது போன்றவற்றை நடிகர்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர் நேரடியாகச் செய்வார். மூன்றாவது கருவி இசைக்குழு. மில்லிகனின் கையெழுத்துப் பிரதியில் ஒரே வரியில் மூன்றுக்கும் குறிப்பு இருக்கும். தட்டை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டச் சொல்வார், இரண்டு மூன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்வார். தயாரிப்பாளர் பீட்டர் ஈட்டன் நாடகப் பிரிவிலிருந்து வந்தவர். நகைச்சுவைக்கும் நாடகத்துக்குரிய துல்லியத்தோடு சத்தம் வேண்டும் என்று நின்றவர். ஐந்து, ஆறாம் தொடர்களின் கட்டுக்கோப்புக்கு மில்லிகனுக்கு இணையாக அவருக்கும் பாராட்டுச் சேர வேண்டும் என்பேன். காலுறையில் கஸ்டர்டை ஊற்றி, பலகையில் ஓங்கி அடித்து ஒரு சத்தம் எடுக்க மில்லிகன் முயன்றதாக ஒரு கதை உண்டு. கேன்டீனில் சமைக்கச் சொல்லி வாங்கி வந்தாராம். நம்பக்கூடிய கதைதான்.

1958இல் பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப் தொடங்கியதும் மின்னணுச் சத்தமும் சேர்ந்தது. மேஜர் பிளட்நாக்கின் வயிறு என்று பெயர்பெற்ற சத்தம் அங்கே டிக் மில்ஸ் செய்தது. கடமுடா, கொதிப்பு, வெடிப்பு எல்லாம் கலந்த ஒரு சத்தம். அதிகாரிக்குக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அரை வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடும்.

இந்த பிளட்நாக் நமக்குத் தனிச் சுவையுள்ள ஆள். மில்லிகன் 1918 ஏப்ரல் 16 அன்று அகமத்நகரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்ததால் சிறுவயது புனேயிலும் ரங்கூனிலும் கழிந்தது. மிடுக்கும் மீசையும் பதக்கமும் அணிந்த காலனிய அதிகாரிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் படைத்த உரு இது. போர் என்றால் கட்டிலுக்கு அடியில் போவான், ரெஜிமென்ட் பணத்தைச் சுருட்டுவான், தோற்றால் எதிரிக்குச் சாமான் விற்பான். பேரரசின் வீரப் பிரதாபத்தை இவ்வளவு ஒழுங்காக உடைத்த வேறொரு வானொலிப் பாத்திரத்தைச் சொல்ல முடியவில்லை. வடமேற்கு எல்லையில் நடக்கும் 'ஷிஃப்டிங் சாண்ட்ஸ்' (1957 ஜனவரி 24) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அதே இந்தியத் தொடர்பின் இன்னொரு பக்கம் கசப்பானது. லால்காக்கா, பானர்ஜி என்ற இரண்டு இந்தியப் பாத்திரங்களாக செல்லர்ஸும் மில்லிகனும் அவ்வப்போது வருவார்கள். தலையாட்டிப் பேசும் இந்திய ஆங்கிலத்தை நீட்டி முழக்கி நகையாடுவதைத் தவிர அந்தக் காட்சிகளில் வேறெதுவும் இல்லை. எழுத்தும் மற்ற இடங்களைவிட மெலிவு. பாடகர் ரே எலிங்டன் கறுப்பினத்தவர். அவருடைய நிறத்தை வைத்து வரும் வசனங்களும், ஆப்பிரிக்கத் தலைவனாக அவரை நடிக்க வைத்த காட்சிகளும் இன்று கேட்கக் கூசும். காலம் அப்படி என்று தட்டிவிட்டுப் போகாமல், வாங்குபவர் தெரிந்தே வாங்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு கேட்பவர்கள் முதலில் தனியாகக் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன 'நெப்போலியன்ஸ் பியானோ', 'லர்கி' இரண்டிலும் கதையின் முக்கிய ஓட்டம் இந்த வகை வசனங்களை நம்பியதல்ல.

வேறு குறைகளும் உண்டு. அரங்கில் இருப்பவர்கள் திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் யாரோ ஏதோ சேட்டை செய்திருப்பார்கள். மூவரும் அதில் கில்லாடிகள், அரங்கத்தாருக்கு விருந்து, வீட்டில் கேட்பவருக்கு எரிச்சல். நிகழ்ச்சிக்கு ஒரு முறையாவது இது நடக்கும். எட்டாம் தொடருக்குப் பின் எழுத்து ஏற்ற இறக்கமாகிவிடுகிறது. பழைய உத்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன, முடிவுகள் சட்டென்று கைவிடப்படுகின்றன. வாரம் ஒரு நிகழ்ச்சி எழுதும் சுமை மில்லிகனை என்ன செய்தது என்பது பதிவான வரலாறு: 1952 இறுதியில் மனநிலை சிதைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் தொடரில் பல நிகழ்ச்சிகளுக்கு வரமுடியாமல் போனார். லாரி ஸ்டீவன்ஸ், எரிக் சைக்ஸ் ஆகியோர் வெவ்வேறு கட்டங்களில் எழுத்தில் கைகொடுத்தார்கள். ஸ்டீவன்ஸ் 1959 ஜனவரியில் இறந்துபோனார். பிந்தைய பெட்டிகளில் தரம் தளரும்போது இதையும் நினைவில் வைத்துக் கேட்கலாம். அங்கும் முத்துகள் உண்டு. 1959 பிப்ரவரி 2 அன்று வந்த 'தி ஸ்கார்லெட் கேப்சூல்' அப்போதைய அறிவியல் திகில் தொலைக்காட்சித் தொடரைக் கிண்டல் செய்வது. பழைய வேகம் அப்படியே இருக்கிறது.

கேட்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நிகழ்கிறது. கைபேசியில் பாட்காஸ்ட் செயலி வழியாகக் கேட்பவர்கள் 'அமைதியைத் தாண்டு' என்ற வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அந்த வசதி அரை நொடி அமைதியைக் கண்டால் வெட்டிவிடும். தீக்குச்சிக்கும் குண்டுக்கும் நடுவே இருந்ததை வெட்டியபின் கேட்க என்ன இருக்கிறது? கிரனும் மின்னியும் பேசும் காட்சிகள் முனகலும் இடைவெளியும் சேர்ந்தவை. அங்கே பாதிக் காட்சியே காணாமல் போகும். வேகத்தைக் கூட்டிக் கேட்பதும் அப்படியே. இது ஏற்கெனவே பேய்வேகத்தில் போகும் நிகழ்ச்சி.

ஒலியின் அளவைக் கிரீன்ஸ்லேட்டின் குரலை வைத்துச் சரிசெய்யுங்கள். அவர் பக்கத்தில் நின்று பேசுவது போல் கேட்டால் போதும். எக்கிள்ஸின் முணுமுணுப்பை வைத்துக் கூட்டினால் அடுத்த வெடியில் காது போய்விடும். ஓடும் காரில் கேட்க இது உகந்ததல்ல, மெல்லிய வசனங்கள் எஞ்சின் சத்தத்தில் முழுகிவிடும். பதிவு எல்லாம் மோனோ. ஸ்டீரியோ விரிவாக்கம், சுற்றொலி என்று கைபேசியில் இருப்பவற்றை அணைத்தால் குரல்கள் ஒரு புள்ளியில் கூர்மையாக நிற்கும். சிடியிலிருந்து கணினிக்கு மாற்றுபவர்கள் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே வேண்டாம். சுத்தம் செய்யும் வேலையை ஏற்கெனவே நிதானமாகச் செய்துவிட்டார்கள். இனி எடுத்தால் காலடியின் ஓசையும் அரங்கின் காற்றும் சேர்ந்து போகும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. இடம் போதாதென்றால் மோனோ எம்பி3 போதுமானது.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கும் முதல் பத்து நிமிடம் கடினம்தான். புளூபாட்டிலின் லண்டன் கீச்சுக்குரலும் மோரியார்ட்டியின் உளறலும் பழக இரண்டு நிகழ்ச்சியாவது ஆகும். தேர்ந்தெடுத்த சில பிரதிகள் 1972இல் 'தி கூன் ஷோ ஸ்கிரிப்ட்ஸ்' என்று நூலாக வந்தன. பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் பழைய பிரதி கிடைக்கும். ஒரு பகுதியைக் கேட்டுவிட்டு அதன்பின் படித்து, மறுபடி கேட்பது நல்ல வழி. முதலில் படித்துவிட்டால் சத்தம் தரும் திடுக்கிடல் போய்விடும். புளூபாட்டில் தனக்கான மேடைக் குறிப்புகளையும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பவன் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவன் பேச்சு ஒட்டாது. போர்க்காலச் சொற்கள் சிலவும் உதவும். நாஃபி என்றால் பிரிட்டிஷ் ராணுவச் சிற்றுண்டிச்சாலை. விளக்கணைப்பு, ரேஷன் அட்டை, படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த டெமாப் உடை எல்லாம் அன்று கேட்டவர்களின் நேற்றைய வாழ்க்கை. மில்லிகன், சீகோம் இருவரும் பீரங்கிப் படையில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தவர்கள். வெடிச்சத்தத்தைச் சிரிப்பாக மாற்றியது, வெடிகுண்டை உண்மையாகக் கேட்ட காதுகள்.

சந்தையில் ஏமாறாமல் இருக்கச் சில குறிப்புகள். முழு நிகழ்ச்சி முப்பது நிமிடத்தை ஒட்டி இருக்கும். சில நிமிடம் குறைந்தால் வெளிநாட்டுப் பதிப்பின் வெட்டு, இருபத்தைந்துக்கும் கீழே போனால் பாட்டுகளையும் நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கிரீன்ஸ்லேட்டின் கனத்த குரல் மெலிந்து ஒலித்தால் நாடாவை வேகம் தவறி ஓட்டி நகலெடுத்திருக்கிறார்கள். 'வின்டேஜ் கூன்ஸ்' என்று குறிப்பிட்டவை தொலைந்த பழைய பதிவுகள் அல்ல. நான்காம் தொடரின் பிரதிகளைப் பின்னாளில் மறுபடி நடித்துப் பதிவு செய்தவை. நன்றாகவே இருக்கும், ஆனால் அதை அறிந்து வாங்குங்கள். 'தி டெலிகூன்ஸ்' 1963, 1964ஆம் ஆண்டுகளில் வந்த பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர், பதினைந்து நிமிடத்துக்குச் சுருக்கியது, கூன் ஷோவுக்கு மாற்று ஆகாது. 1972இல் பிபிசியின் ஐம்பதாம் ஆண்டுக்காக மூவரும் மறுபடி கூடி நடித்த 'தி லாஸ்ட் கூன் ஷோ ஆஃப் ஆல்' அன்பர்களுக்கு இனிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது பாதி புரியாது, கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ரேடியோ 4 எக்ஸ்ட்ரா அலைவரிசை பழைய நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்கிறது. அதைக் கேட்டுப் பிடித்திருந்தால் வாங்கலாம். பிபிசி சவுண்ட்ஸ் செயலி 2025இல் பிரிட்டனுக்கு வெளியே மூடப்பட்டுவிட்டதால் இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் அதை நம்ப வேண்டாம். ஒலிப்புத்தகத் தளத்தில் ஒரே ஒரு தொகுதியை, ஐந்தாம் தொடரின் முதல் பாதியை, வாங்கிப் பாருங்கள். அதில் மூன்று நிகழ்ச்சி கேட்டும் ஒட்டவில்லை என்றால் மற்றப் பெட்டிகளும் ஒட்டாது, பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். பழைய சிடி பெட்டி வாங்குபவர்கள், எல்லாத் தட்டுகளும் உள்ளே இருக்கின்றனவா, கையேடு இருக்கிறதா, தட்டைப் பிடித்திருக்கும் நடுப் பற்கள் உடையாமல் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்கள். பற்கள் உடைந்த பெட்டியில் தட்டுகள் உருண்டு கீறல் விழுந்திருக்கும். வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு தட்டையும் கடைசிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், வெளி ஓரத்தில்தான் கீறலும் கைரேகையும் அதிகம் சேரும்.